எங்கள் இல்லத்துக்காக



ஒரு சிறு கேள்வியுடன் தொடங்குகிறேன். உமது சொந்த இலாபத்துக்காக ஒரு பிள்ளையைப் பொய் சொல்லும்படி ஏவுவீரா? ஒருபோதும் மாட்டேன் என்று உடனே சொல்வீர். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உமது பாடசாலைக்காக, உமது ஊருக்காக, உமது பங்குக்காக என்றால்? அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்வீர்; ஆயினும் அந்தப் பதில் சற்றுத் தாமதித்து வரும். அந்தத் தாமதத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன். ஏனெனில் அந்தச் சிறு இடைவெளியில்தான் நான் ஒரு முறை வழுக்கி விழுந்தேன்.

இலங்கையின் வடபகுதியில், ஆண்டின் முதலாம் தவணை வந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலமும் கூடவே வந்துவிடும் என்பதை நீர் அறிவீர். மாணவர் அனைவரும் மூன்று நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறம், ஒரு கொடி, ஒரு தலைவன். போட்டிக்கு முந்திய வாரத்தில் மைதானத்தின் ஓரத்தில் தடியும் கிடுகும் வர்ணக் கடதாசியும் கொண்டு இல்லங்கள் எழும்பும். காலையும் மாலையும் அணிநடைப் பயிற்சி நடைபெறும். வகுப்பறையில் கணக்குப் பாடம் நடந்தாலும் பிள்ளைகளின் வாயில் நீலம், பச்சை, சிவப்பு என்ற பேச்சே இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பாடசாலைகளிலும் இதற்கொத்த ஒரு வாரம் உண்டு. நாளுக்கொரு விதமான உடையும், பாடசாலையின் நிறங்களும், ஒருமித்த ஆரவாரமுமாய்க் கழியும் அவ்வாரத்தை அவர்கள் ‘ஸ்பிரிட்’ வாரம் என்பார்கள். ஸ்பிரிட் என்றால் ஆவி. நல்ல பெயர்தான். ஆனால் ஆவி என்றவுடன் கத்தோலிக்கன் ஒருவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டன்றோ? எந்த ஆவி?

நான் அப்போது ஆசிரிய மாணவனாக இருந்தேன். கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து, மூன்றாம் ஆண்டு கடலோரத்திலுள்ள ஒரு பாடசாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டிருந்தேன். நீல இல்லத்துக்கு உதவியாளனாக என்னை நியமித்தார்கள். ஆசிரிய மாணவனின் நிலை உமக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அவன் ஆசிரியன். ஆசிரியர்களுக்கு அவன் மாணவன். எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள் என்று எப்போதும் அவனுக்கு ஓர் எண்ணம். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற தாகம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வாரத்தில் அத்தாகம் வேறொரு வேஷம் பூண்டு வந்தது. எனக்காக அல்ல, எங்கள் இல்லத்துக்காக என்று அது சொல்லிற்று. நானும் நம்பினேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் அஞ்சலோட்டத்துக்கு நால்வர் வேண்டும். மூவர் வேகமானவர்கள். நான்காமவன் வேகமானவனல்லன், ஆயினும் பயிற்சிக்கு ஒருநாளும் தவறாதவன். விடியுமுன் வந்து நிற்பான். அஞ்சற்கோலை வாங்கக் கையைப் பின்னே நீட்டி ஓடும் வித்தையை வீட்டு முற்றத்தில் தனியே பழகினான் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள். பெயர்ப் பட்டியல் கொடுத்து இரண்டு நாளைக்குப் பின், அவனிலும் வேகமாக ஓடக்கூடிய ஒருவன் காய்ச்சல் தேறிப் பாடசாலைக்கு வந்தான். பட்டியலிலுள்ள ஒருவன் நோயுற்றாலன்றி ஆளை மாற்ற முடியாது என்பது விதி. எங்கள் இல்லமும் பச்சை இல்லமும் புள்ளியில் நெருங்கி நின்றன.

போட்டிக்கு முந்திய மாலையில் நான் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்தேன்.

“நாளைக்குக் கால் நோகுது எண்டு சொல்லு. மற்றவன் ஓடட்டும். எங்கட இல்லத்துக்காகத்தான்,” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். “ஓம் சேர்,” என்றான்.

மறுநாள் நானே அவன் காலில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன். எங்கள் இல்லம் அஞ்சலோட்டத்தில் முதலாவதாக வந்தது. அன்று மாலை வெற்றிக் கேடயமும் எங்களுக்கே கிடைத்தது. பிள்ளைகள் என்னைச் சூழ்ந்து துள்ளினார்கள். இல்லப் பொறுப்பாசிரியர் என் தோளில் தட்டினார். காயமில்லாத காலில் கட்டுடன் அந்தப் பிள்ளையும் ஓர் ஓரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மகன் ஓடுவதைப் பார்க்க அன்று தொழிலுக்குப் போகாமல் நின்றவர். கையில் ஒரு நோவெண்ணெய்ப் போத்தல்.

“மாஸ்டர், பெடியனுக்குக் கால் நொந்து போச்சாம். எண்ணெய் கொண்டு வந்தனான். எந்தக் கால் நோகுது எண்டு கேட்டால் சொல்லுறானில்லை,” என்றார்.

வாசகரே, அந்தப் பிள்ளை என் சொற்படி ஒரு பொய் சொன்னான். தகப்பனிடம் இரண்டாவது பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. என்னிலும் அவன் நீதியுள்ளவனாயிருந்தான். நானோ அங்கேயும் வாய் திறக்கவில்லை. “சுகமாகிவிடும் அண்ணை,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அன்றிரவு ஆத்தும சோதனை செய்தபோது என்னை நானே நியாயப்படுத்த முயன்றேன். ஒருவன் ஓடவில்லை, அதனால் நூறு பேர் மகிழ்ந்தார்கள். இதில் என்ன பெருங் குற்றம்? இந்தக் கணக்கை இதற்கு முன் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றிற்று. எங்கே என்பது நினைவுக்கு வந்தபோது என் உடல் நடுங்கிற்று. அது கைப்பாஸின் கணக்கு. ஜனம் முழுவதும் அழிவதைவிட ஒருவன் மரிப்பது நலம் என்று அந்தப் பிரதான குரு ஆலோசனைச் சங்கத்தில் சொன்னதாக அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். கைப்பாஸ் தன் பணப்பையை நிரப்ப அப்படிச் சொன்னேன் என்று சொல்லவில்லை. ஜனத்துக்காக என்றான். அவன் தன்னை நல்லவன் என்றே எண்ணியிருப்பான். என் பிழைக்கும் அவன் பாதகத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள பேதம் உண்டு. ஆனால் கணக்கு ஒன்றே. கூட்டம் பெரிது, ஆகையால் ஒருவன் சிறிது.

நம் ஆண்டவர் வேறொரு கணக்கைப் படிப்பித்தார். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனால் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பனைக் குறித்துச் சொன்னார். வியாபாரக் கண்ணுக்கு அது நட்டக் கணக்கு. ஆனால் சற்று ஆலோசித்துப் பாரும். அந்த ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பன் இருக்கிறான் என்பதாலேயே மற்றத் தொண்ணூற்றொன்பதும் பயமின்றி மேய்கின்றன. ஒன்றைக் கைவிடும் மேய்ப்பனிடம் எந்த ஆட்டுக்குத்தான் பத்திரம்? எங்கள் நீல இல்லத்தில் அன்று துள்ளிக் குதித்த ஒவ்வொரு பிள்ளையும், தன் வேகம் குறைந்த அன்று இந்த ஆசிரியன் தன் காலிலும் துணி கட்டுவான் என்பதை அறியாமலே துள்ளிற்று.

இங்கே ஒருவர், “தன்னலத்துக்காகச் சொல்லும் பொய்யும் பிறர் நன்மைக்காகச் சொல்லும் பொய்யும் ஒன்றா?” என்று கேட்கலாம். இக்கேள்வி பழையது. ஏறக்குறைய 420ஆம் ஆண்டில் கொன்சென்சியு என்பவர் அர்ச். அகுஸ்தீனாருக்கு இத்தகைய ஒரு கேள்வியை அனுப்பினார். அக்காலத்தில் பிரிசில்லியன் என்பவனைப் பின்பற்றிய பதிதர் தங்கள் கொள்கையை மறைத்து வாழ்ந்தார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கக் கத்தோலிக்கரும் பதிதரைப்போல நடித்துப் பொய் சொல்லலாமா என்பதே கேள்வி. பாரும், இதைவிட உயர்ந்த காரணம் உண்டா? திருச்சபைக்காக! அர்ச். அகுஸ்தீனார் இதற்கு மறுமொழியாக ஒரு நூலே எழுதி, கூடாது என்று தீர்த்துச் சொன்னார். சத்தியத்தைப் பொய்யால் காப்பாற்றப் புறப்படுகிறவன் காப்பாற்ற வந்ததையே இழந்துவிடுகிறான் என்பதே அவர் நியாயத்தின் சாரம். திருச்சபைக்காகவே பொய் சொல்லக்கூடாதென்றால், ஒரு விளையாட்டுக் கேடயத்துக்காகச் சொல்லலாமோ?

சொந்தக் காரியத்தில் கூசுகிற மனச்சாட்சி, கூட்டத்தின் காரியத்தில் ஏன் உறங்கிவிடுகிறது? நான் கண்ட காரணம் இதுதான். ‘எனக்காக’ என்று செய்யும் தீமை தன் முகத்துடனேயே வரும். அதை நாம் அடையாளம் காண்போம். ‘நமக்காக’ என்று செய்யும் தீமையோ பிறர்சிநேகத்தின் உடையை உடுத்துக்கொண்டு வரும். தியாகம், விசுவாசம், ஒற்றுமை என்ற நல்ல சொற்கள் எல்லாம் அதன் வாயில் இருக்கும். எங்கள் இல்லத்துக்காக என்று நான் சொன்னபோது உண்மையில் யாருக்காகச் சொன்னேன்? என் தோளில் தட்டப்போகும் ஒரு கைக்காக. ‘நான்’ என்பவன் ‘நாம்’ என்ற போர்வைக்குள் ஒளிந்துகொண்டான்.

பிள்ளைகள் மட்டில் இதன் வலிமை எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்னும் பூங்காவில், முசாபர் ஷெரிப் என்ற உளநூல் அறிஞரும் அவருடைய துணைவரும் 22 சிறுவர்களைக் கொண்டு ஒரு கோடைகாலப் பாசறை நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 11 வயது. இரு கூட்டமாகப் பிரித்து முதலில் தனித்தனியே வைத்தார்கள். பின்னர் கயிறிழுத்தல், பந்தாட்டம் முதலிய போட்டிகளில் மோதவிட்டு, வென்றவர்க்குப் பரிசு என்றார்கள். சில நாட்களுக்குள் ஒரு கூட்டம் மற்றதன் கொடியை எரித்தது. ஒருவர் குடிலுக்குள் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். நல்ல வீட்டுப் பிள்ளைகள்தான். பகைக்கு முற்காரணம் ஒன்றும் இல்லை. அதன்பின், இரு கூட்டமும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகளை அவர்கள் முன் வைத்தார்கள். குடிநீர் வரும் வழி தடைப்பட்டபோது எல்லோரும் சேர்ந்து காரணம் தேடினார்கள். உணவு கொண்டுவர வேண்டிய லொறி ஓடாமல் நின்றபோது, முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றைக் கொண்டுவந்து கட்டி, எல்லோரும் ஒரு பக்கமாக இழுத்தார்கள். பகை மெல்லத் தணிந்தது. அந்த ஆராய்ச்சியில் பெரியவர்களே வேண்டுமென்று பகையை மூட்டினார்கள் என்று பின்வந்தோர் குறை கூறியதுண்டு. என் மட்டில் அக்குறையே பெரிய பாடமாக இருக்கிறது. கயிறு ஒன்றுதான்; பிள்ளைகளும் அவர்களேதான். எந்தப் பக்கம் இழுப்பது என்பதைத் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள்.

அப்படியானால் இல்லங்களும் கொடிகளும் கேடயங்களும் வேண்டாமென்று ஒழித்துவிடலாமா? அது என் கருத்தல்ல. வாய் திறவாத பிள்ளை ஒன்று தன் இல்லத்துக்காக முதன்முறை கூவுவதை நான் கண்டிருக்கிறேன். வகுப்பில் கடைசியாக நிற்பவன் கிடுகு கட்டுவதில் முதல்வனாக விளங்குவதையும் கண்டிருக்கிறேன். நான் ஒருவருக்குச் சொந்தம், எனக்கென்று ஓரிடம் உண்டு என்ற எண்ணம் பிள்ளைக்கு ஆகாரத்தைப் போன்றது. அர்ச். சின்னப்பரும் ஓட்டப் பந்தயத்தை வெறுத்தவரல்லர். கொரிந்து நகருக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒரு முறை பெரிய விளையாட்டுகள் நடப்பதுண்டு. அந்நகரத்தாருக்கு எழுதும்போது, ஓடுகிறவனின் கட்டுப்பாட்டையும் முயற்சியையும் ஞான வாழ்வுக்கே உதாரணமாக எடுத்துக் காட்டினார். ஆனால் அதே நிருபத்தில், சின்னப்பர் பக்ஷம், அப்பொல்லோ பக்ஷம், கேபா பக்ஷம் என்று பிரிந்து நின்றவர்களைக் கண்டித்ததும் அவரேதான். ஓட்டத்தைப் புகழ்ந்தார், பக்ஷபாதத்தை இகழ்ந்தார். நாமும் அவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

எப்படிப் பிரித்தறிவது? நான் என் பிழையிலிருந்து கற்ற மூன்று கேள்விகளை உமக்குத் தருகிறேன். முதலாவது, நம் கூட்டத்தில் மிகப் பலவீனமானவனுக்கு இந்த உற்சாகத்தில் இடம் உண்டா, அல்லது அவன் மறைக்கப்பட வேண்டியவனாகிறானா? இரண்டாவது, நாம் செய்வதை எதிர்க் கூட்டத்தார் பார்த்தால் நமக்கு வெட்கமாயிருக்குமா? மூன்றாவது, எதிர்ப்பக்கத்தில் ஒருவன் நன்றாகச் செய்தால் கை தட்ட நமக்கு மனம் வருகிறதா? இம்மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் உமது கூட்டத்தில் வீசுவது நல்ல ஆவி. இல்லையேல், கொடி எவ்வளவு அழகாயிருந்தாலும் விழித்துக்கொள்ளும்.

பின்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார் என்னிடம், மன்னிப்புச் சர்வேசுரனிடமிருந்து வரும், ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது உன் வேலை என்றார். மறுநாள் விடியற்காலை அந்தத் தகப்பனாரைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். அவர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். காத்து நின்றேன். கரைவலையை நீர் பார்த்திருக்கிறீரா? வலையின் இரு கரைகளிலும் இரு கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கூட்டம் ஆட்கள். அம்பாப் பாட்டு எழும்ப, எல்லோரும் காலை மணலில் ஊன்றிப் பின்னுக்கு இழுக்கிறார்கள். பார்ப்பவனுக்குக் கயிறிழுத்தல் போலவே இருக்கும். ஆனால் இங்கே ஒரு கூட்டம் மற்றதை முந்தக்கூடாது. ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். ஒரு கயிற்றில் நிற்பவர் மற்றக் கயிற்றைப் பார்த்துப் பார்த்து இழுக்கிறார்கள். வலை கரையை நெருங்க நெருங்க, தூரத்தில் நின்ற இரு கூட்டமும் ஒன்றையொன்று அணுகி, மடி கரையேறும்போது ஒரே கூட்டமாகிவிடுகின்றன. கல்லூரியில் நான் கற்காத பாடத்தை அந்த மணலில் கற்றேன்.

வலை ஏறியபின் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பின்பு, “அவன் ஓடித் தோத்திருந்தாலும் நான் பார்த்திருப்பன், மாஸ்டர்,” என்றார். அவ்வளவே. அந்த ஒரு வார்த்தை எனக்குப் பல பிரசங்கங்களுக்குச் சமம்.

பாடசாலைக்குப் போய்ப் பொறுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் சொன்னேன். அஞ்சலோட்டப் புள்ளிகள் நீக்கப்பட்டன. கேடயம் பச்சை இல்லத்துக்குப் போயிற்று. பிழை அந்தப் பிள்ளையுடையதன்று, என்னுடையது என்று காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல அனுமதி கேட்டுச் சொன்னேன். பிள்ளைகள் சில நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பொறுப்பாசிரியரின் கை அதன்பின் என் தோளில் விழவில்லை. இவற்றை நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறொன்று. உண்மையாய் ஓடி வென்ற அந்த மற்ற மூன்று பிள்ளைகளும், ஏதும் அறியாமல் நான்காமவனாக ஓடியவனும், தங்கள் பதக்கங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். கூட்டத்துக்காகச் செய்த பொய்யின் கடனைக் கடைசியில் கூட்டமே செலுத்திற்று. மறு ஆண்டு நான் அங்கே இல்லை. வேகமில்லாத அந்தப் பிள்ளை பிறகு எப்போதாவது ஓடினானோ, அறியேன். அவனுக்காக இன்றும் செபிக்கிறேன்.

வாசகரே, உமக்கு விளையாட்டு மைதானம் தூரமாயிருக்கலாம். ஆனால் ‘நாம்’ என்ற சொல் உமக்கும் அருகிலேயே இருக்கிறது. கோவில் திருநாளில் நம் வட்டாரத்தின் அலங்காரம் மற்ற வட்டாரத்தினதை மிஞ்ச வேண்டும் என்று பணம் சேர்க்கும்போது, கொடுக்க இயலாத வீட்டை நாம் எப்படிப் பார்க்கிறோம்? நம் குடும்பத்தின் மானத்துக்காக என்று சொல்லி, வீட்டில் ஒரு பிள்ளையின் குறையை எத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறோம்? நம் சாதி, நம் ஊர், நம் கட்சி என்ற பெயரால், தனியே செய்யக் கூசும் எத்தனை காரியங்களைக் கூட்டமாய்ச் செய்கிறோம்?

ஒருமுறை சமாரியர் ஊரொன்று சேசுநாதரை ஏற்றுக்கொள்ள மறுத்தது. யாகப்பரும் அருளப்பரும் வானத்திலிருந்து அக்கினி இறங்கி அவ்வூரை எரிக்கக் கட்டளையிடலாமா என்று கேட்டார்கள். குருவின் மேலுள்ள பற்றினால்தான் கேட்டார்கள். எங்கள் கூட்டத்துக்காக என்றுதான் கேட்டார்கள். ஆண்டவர் திரும்பி அவர்களையே கடிந்துகொண்டார். எந்த ஆவி தங்களை ஏவுகிறது என்பதை அவர்கள் அறியாதிருந்தார்கள்.

ஆகையால் அடுத்த முறை ‘எங்களுக்காக’ என்ற சொல் உமது வாயில் வரும்போது ஒரு கணம் நில்லும். உமது அருகில் யாராவது ஒருவர் காயமில்லாத காலில் கட்டுடன் நின்று கை தட்டிக்கொண்டிருக்கிறாரா என்று திரும்பிப் பாரும். இருந்தால், வெற்றியை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும்.